ஃபைபர் எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்

4 ஆகஸ்ட் 2025, காலை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மகனுக்குச் சென்னையில் ஃபைபர் இணையக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் ஊராக ஃபைபர் இழுக்கிறார்கள். கேபிள் போகிற இடமெல்லாம் கருவியும் போகும், ஆகவே இருபது வருடத்துக்குக் கவலையில்லை என்கிறான். நம்பலாமா?”

நம்ப வேண்டாம். கேபிள் போகிற இடமெல்லாம் கருவி போகும் என்பது உண்மைதான். எந்தக் கருவி, எத்தனை, யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் ஒரு சென்னை ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்தேன். எங்கள் பெட்டி நன்றாக இருந்ததால் நாங்கள் பிழைத்தோம் என்று சொல்லும்படி ஓர் ஆண்டும் நினைவில் இல்லை. ஃபைபரைத் தெருமுனையில் நிறுத்துவதா, வீட்டுக்குள் கொண்டுபோவதா என்று எங்கோ ஒரு நாட்டில் யாரோ எடுத்த முடிவு எங்களை வாழவைத்தது. பிறகு அதே போன்ற ஒரு முடிவு எங்களைக் கலைத்தது.

4 ஆகஸ்ட், இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். பழக்கமில்லாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபைபர் தெருமுனையில் நின்றால் அங்கே ஓர் இரும்பு அலமாரி வேண்டும். அதற்குள் டிஸ்லாம் என்ற பெட்டி, மின் இணைப்பு, பேட்டரி, விசிறி எல்லாம் இருக்கும். அங்கிருந்து வீடு வரை பழைய தாமிரத் தொலைபேசிக் கம்பி. ஃபைபர் வீடு வரை போனால் வழியில் மின்சாரமே தேவையில்லை. தொலைபேசி நிலையத்தில் ஓஎல்டி என்ற தலைமைப் பெட்டி, வீட்டில் ஓஎன்டி என்ற சிறு பெட்டி, நடுவில் ஒளியைப் பங்கு போடும் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கண்ணாடித் துண்டு. இந்த அமைப்புக்குப் பான் என்று பெயர், ஜிபான் அதில் ஒரு வகை. ஜிபான் முறையில் ஓஎல்டியின் ஒரு போர்ட் 2.5 கிகாபிட் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்கு, 20 கிலோமீட்டர் தூரம் வரை, பகிர்ந்து கொடுக்கும்.

முதல் வழியில் பணத்தின் பெரும்பங்கு மின்னணுப் பெட்டிக்குப் போகிறது. இரண்டாவது வழியில் அது பள்ளம் தோண்டுபவருக்கும், கேபிள் செய்பவருக்கும், கேபிளை ஒட்டவைக்கும் ஆளுக்கும் போகிறது. ஃபைபர் வீட்டை நெருங்க நெருங்கப் பெட்டிக்காரரின் பங்கு சுருங்குகிறது.

6 ஆகஸ்ட்

இதற்கு அமெரிக்காவில் 2003 தொடங்கி நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு வெரைசன், எஸ்பிசி, பெல்சவுத் என்ற மூன்று பெரிய தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து, வீடு வரை ஃபைபர் போடுவதற்கான பொது விவரக்குறிப்பை வெளியிட்டு விலை கேட்டன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின், ஜிபானுக்கு முந்தைய பிபான் தரநிலையை அடிப்படையாகக் கொண்ட குறிப்பு அது. ஒரே பெட்டியை மூன்று யானைகளுக்கும் விற்கலாம் என்று கருவி நிறுவனங்கள் நாக்கைச் சப்புக்கொட்டின.

யானைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. 2003 இறுதியில் வெரைசன், கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் இருந்த அட்வான்ஸ்டு ஃபைபர் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, வீடு வரை ஃபைபர் என்று 2004ல் டெக்சாஸின் கெல்லர் நகரில் தொடங்கியது. எஸ்பிசி வேறு கணக்குப் போட்டது. வீட்டிலிருந்து சுமார் 900 மீட்டர் தள்ளி அலமாரியில் ஃபைபரை நிறுத்தி, மீதித் தூரத்தைத் தாமிரத்திலேயே ஓட்டினால் இருபது மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், தொலைக்காட்சிக்கு அது போதும் என்பது அந்தக் கணக்கு. 2004 அக்டோபரில் அல்காடெல் நிறுவனத்துடன் ஐந்து ஆண்டுகளுக்கு 170 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஒரே ஒப்பந்தத்தில் பிரான்ஸ் நிறுவனம் ஒன்று எஸ்பிசியின் தெருமுனைகளைப் பிடித்துவிட்டது.

அந்த அக்டோபரைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், வீடு வரை போடும் புது ஃபைபரைப் போட்டியாளருக்குக் குறைந்த கட்டணத்தில் வாடகைக்குத் திறந்துவிட வேண்டியதில்லை என்று விலக்கு அளித்திருந்தது. 2004 அக்டோபரில் அந்த விலக்கு, வீட்டுக்கு அருகில் தெருவோரம் வரை போகும் ஃபைபருக்கும் நீண்டது. ஆய்வகத்தில் எந்தக் கண்டுபிடிப்பும் நடக்கவில்லை. ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு போதுமானதாக இருந்தது.

பெட்டலூமா நிறுவனத்தை என்ன நம்பிக்கையில் வாங்கினார்களோ தெரியவில்லை. 2004 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டெல்லாப்ஸ் என்ற கருவி நிறுவனம் அதற்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. செப்டம்பரில் விலையை 150 கோடிக்குத் திருத்தி எழுதினார்கள். அந்த நான்கு மாதத்தில் பெட்டி மாறவில்லை. அதை யார் வாங்குவார்கள், என்ன லாபத்தில் என்ற கணக்குதான் மாறியது. பிறகு வெரைசன் பிபானிலிருந்து ஜிபானுக்கு மாறியபோது அல்காடெலும் மோட்டோரோலாவும் உள்ளே வந்தன. டெல்லாப்ஸால் அங்கே நிலைக்க முடியவில்லை. 2013ல் மார்லின் என்ற முதலீட்டு நிறுவனம் டெல்லாப்ஸை முழுதாக 89 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஒரு காலத்தில் ஒரு கிளையை வாங்கக் கொடுத்த பணத்தைவிட, பின்னாளில் மரம் முழுவதும் மலிவு.

7 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஓர் அநியாயம் இருக்கிறது. வெரைசனின் முடிவு ஒன்றே டெல்லாப்ஸைச் சாய்த்தது போல எழுதிவிட்டேன். அவர்களின் உண்மையான சொத்து, தொலைபேசி நிலையங்களில் அழைப்புச் சுற்றுகளை மாற்றிக்கொடுக்கும் பெரிய இயந்திரங்கள். இணையம் வந்ததும் அவற்றின் தேவை தேயத் தொடங்கிவிட்டது. வீட்டு ஃபைபரை ஊன்றுகோலாகத்தான் வாங்கினார்கள். ஊன்றுகோலும் வழுக்கியது என்று சொல்வதே நியாயம்.

11 ஆகஸ்ட்

என் கதையைச் சொல்ல வேண்டுமா என்று தயங்கினேன். சொல்லாமல் இந்த விஷயம் புரியாது.

தாமிரத் தொலைபேசிக் கம்பியில் இணையம் ஓட்டும் முறைக்கு டிஎஸ்எல் என்று பெயர், அதில் வேகமான வகை விடிஎஸ்எல். நான் சேர்ந்தது விடிஎஸ்எல் குழுவில், அலமாரிக்குள் செருகும் மின்னணு அட்டைகளைச் சோதிப்பவனாக. ஆய்வகத்தின் பின்னறையில் தாமிரக் கம்பி உருளைகள் வரிசையாக நிற்கும். 200 மீட்டர், 400 மீட்டர், 800 மீட்டர் என்று அவற்றின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருப்போம். வெப்ப அறையில் 65 டிகிரியில் அட்டையை இரண்டு நாள் வேகவைத்து, அது தடுமாறுகிறதா என்று பார்ப்போம். அலமாரி பாலைவனத்திலும் நிற்கும் அல்லவா?

தாமிரத்தில் பெரிய தொல்லை, ஒரு கம்பியின் பேச்சு பக்கத்துக் கம்பியில் கேட்பது. அந்த இரைச்சலைக் கணக்குப் போட்டு அழிப்பதற்கு வெக்டரிங் என்று பெயர். 2010ல் அதற்குச் சர்வதேசத் தரநிலை வந்தது. அந்த வேலையில் நான் கண்ட மகிழ்ச்சியை இன்று வரை வேறு எதிலும் காணவில்லை. 35 மெகாபிட்டில் திணறிய இணைப்பு, பொத்தானை அழுத்திய அரை நிமிடத்தில் 90ஐத் தொடும். முதல் முறை பார்த்தபோது அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

இதில் வியாபாரமும் இருந்தது. வெக்டரிங் வேலை செய்ய வேண்டுமானால் ஒரு கேபிள் கட்டில் உள்ள எல்லாக் கம்பிகளின் இரைச்சலும் ஒரே கணக்குக்குள் வர வேண்டும். பாதிக் கம்பி என் பெட்டியில், பாதி இன்னொருவர் பெட்டியில் என்றால் பலன் போய்விடும். ஆகவே ஓர் அலமாரிக்குள் முதலில் நுழைந்தவர் அதை விட்டுப் போக மாட்டார். நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

2014ல் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் முக்கிய வாடிக்கையாளர் (எந்த நாடு, எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை) இனிப் புது அலமாரி வைப்பதில்லை, நேரே வீட்டுக்குப் போகிறோம் என்று எழுதினார். எங்கள் புதிய அட்டை முடிய ஆறு வாரம் பாக்கி. எந்தச் சோதனையிலும் அது தோற்கவில்லை. குழுவில் 22 பேர் இருந்தோம், 9 பேர் மிஞ்சினோம். கம்பி உருளைகளைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப்போனார். தாமிரத்துக்கு நல்ல விலை கிடைத்ததாகக் கணக்குப் பிரிவில் சொன்னார்கள்.

12 ஆகஸ்ட்

மீதி ஒன்பது பேர் ஓஎன்டி குழுவுக்குப் போனோம். அங்கே எங்கள் கூட்டம் எல்லாமே விலைக் கூட்டம். ஒளியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிறு உருளை ஒன்று உண்டு, போசா என்போம். அதன் விலை, நடுச் சில்லின் விலை, மின் அடாப்டரின் விலை. இந்த மூன்றையும் கூட்டினால் பெட்டியின் கதை முடிந்தது. அடாப்டரின் கம்பியை 20 சென்டிமீட்டர் குறைக்கலாமா என்று ஒரு மதியம் முழுவதும் பேசியிருக்கிறோம். லட்சக்கணக்கில் வாங்கும் ஒருவரிடம் ஒரு டாலர் வித்தியாசத்தில் ஒப்பந்தம் போய்விடும். அலமாரி அட்டையில் பொறியியலுக்கு விலை இருந்தது. ஓஎன்டியில் எண்ணிக்கைக்கு மட்டுமே விலை.

18 ஆகஸ்ட்

பெட்டிக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குக் கீழே சில்லுக்காரர் இருக்கிறார். முடிவின் அதிர்ச்சி அவரிடம்தான் முழுதாக இறங்குகிறது, ஏனென்றால் அவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே பண்டம்.

சென்டிலியம் என்ற கலிஃபோர்னியா நிறுவனம், டிஎஸ்எல்லில் இன்னொரு வகையான ஏடிஎஸ்எல்லுக்கு ஜப்பானில் இருந்த சந்தையை நம்பி வளர்ந்தது. ஜப்பானின் தொலைபேசிக் கம்பிகளுக்கு ஏற்ற தனி வகை ஏடிஎஸ்எல் உண்டு, அதற்கான சில்லில் இவர்கள் கெட்டிக்காரர்கள். ஜப்பான் ஃபைபருக்குத் தாவியது. 2008ல் அங்கே ஃபைபர் இணைப்புகள் டிஎஸ்எல் இணைப்புகளை மிஞ்சின. அதே 2008ல் சென்டிலியத்தை டிரான்ஸ்விட்ச் என்ற இன்னொரு சில்லு நிறுவனம் வாங்கியது. விடிஎஸ்எல் சில்லில் பெயர்பெற்ற இகானோஸ், ஜப்பானையும் கொரியாவையும் பிடித்து மேலே வந்து, 2015ல் குவால்காமிடம் 5 கோடி டாலருக்கும் குறைவான தொகைக்குப் போனது. எங்கள் அட்டைகளிலும் இத்தகைய சில்லுகள்தான் இருந்தன. அவற்றைச் செய்தவர்களுடன் இரவு இரவாகத் தொலைபேசியில் பிழை தேடியிருக்கிறோம். கூர்மையான மனிதர்கள்.

ஜப்பான் பற்றி இன்னொன்று. அங்கே பெரிய தொலைபேசி நிறுவனமான என்டிடி ஈதர்நெட் வழிப் பானை, அதாவது ஈபானைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜிபான் பக்கம் போயின. அந்த ஒரு தேர்வால் ஜப்பானுக்குள் மிட்சுபிஷி, சுமிட்டோமோ போன்ற உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒரு மதில் கிடைத்தது. மதிலுக்கு இரண்டு பக்கமும் உண்டு. அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் போய் விற்க முடியாது.

23 ஆகஸ்ட்

ஆஸ்திரேலியாவை எழுதச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒரே நாடு மூன்று முறை மனம் மாறினால் என்ன ஆகும் என்று அங்கே பார்க்கலாம்.

2009ல் அரசு தேசிய அகண்ட அலைவரிசை வலையமைப்பை அறிவித்தது. பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் ஃபைபர் நேரே போகும் என்பது திட்டம். 2010ல் அல்காடெல்-லூசென்டுடன் ஜிபான் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதிகபட்சம் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம் என்று. கேபிளுக்கு அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம். 2013ல் ஆட்சி மாறியது. தெருமுனை வரை ஃபைபர், பழைய கேபிள் டிவி வலை, எல்லாம் கலந்த திட்டம் என்று மாற்றினார்கள். தாமிரத்தைக் காப்பாற்ற 1,800 கிலோமீட்டர் புதுத் தாமிரம் வாங்கியதாக 2015ல் நாடாளுமன்ற மேலவைக் குழுவிடமே சொன்னார்கள். ஃபைபர் திட்டத்துக்குப் புதுத் தாமிரம்! அந்தச் செய்தியை எங்கள் ஆய்வகச் சுவரில் ஒருவர் ஒட்டி வைத்திருந்தார். பழைய தாமிரக் குழுவினர் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவோம்.

இந்த மாற்றத்தில் அல்காடெல் அதிகம் இழக்கவில்லை. அவர்களிடம் ஓஎல்டியும் இருந்தது, டிஸ்லாமும் இருந்தது. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் விற்கப் பெட்டி இருந்தது. சிறியவர்களால் அப்படி முடியாது. சிட்னியின் நெட்காம் நிறுவனத்தைப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு முன்னுள்ள தொலைபேசிக் குழிக்குள், நான்கு வீடுகளுக்கு ஒன்றாக வைக்கும் சிறு பெட்டியைச் செய்தார்கள். அதற்கு மின்சாரம் வீட்டிலிருந்தே தாமிரக் கம்பி வழியாகப் பின்னோக்கி வரும். தண்ணீர் நிற்கும் குழிக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்க வேண்டிய பெட்டி அது. நல்ல பொறியியல், மனதாரச் சொல்கிறேன். அந்த ஒரு தேர்வு அவர்களைத் தூக்கிவிட்டது. 2019ல் அமெரிக்காவின் காசா சிஸ்டம்ஸ் நிறுவனம் சுமார் 16 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு அவர்களை வாங்கியது. 2020 செப்டம்பரில் வலையமைப்பு நிறுவனம் 450 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டம் ஒன்றை அறிவித்து, தாமிரத்தில் இருப்பவர்கள் கேட்டால் வீடு வரை ஃபைபர் தருகிறோம் என்றது. குழிக்குள் இருந்த பெட்டியின் எதிர்காலம் அன்றே தெரிந்துவிட்டது. காசா 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக்குப் போனது. நெட்காமை டிஇசட்எஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கருவி நிறுவனம் வாங்கியது. 2025 மார்ச்சில் டிஇசட்எஸ்ஸும் திவால்.

24 ஆகஸ்ட்

நேற்றைய கடைசி வரிகளைப் படித்தால் ஆஸ்திரேலியக் குழிதான் காசாவை விழுங்கியது என்று தோன்றும். அது சரியல்ல. காசாவின் பெரிய வியாபாரம் கேபிள் டிவி நிறுவனங்களுக்கான கருவி. அவர்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், காசாவின் தலையில் கடனும் இருந்தது. வரிசையாக அடுக்கினால் காரணம் போலத் தெரிகிறது. அடுக்கியது என் தவறு. நெட்காமின் ஏற்றத்துக்கு அந்தத் தேர்வு காரணம் என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன்.

2 செப்டம்பர்

“வீடு வரை ஃபைபர் என்று முடிவாகிவிட்டால் பிறகு எல்லோருக்கும் ஒரே கணக்குதானே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஸ்ப்ளிட்டரை எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே ஓஎல்டி விற்பனை பல மடங்கு மாறும். இதைச் செய்தித்தாளில் யாரும் எழுதுவதில்லை, ஆகவே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பேட்டையில் 320 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 32க்கு ஒன்று பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். முதல் ஆண்டில் பத்துக்கு மூன்று வீடுகள் இணைப்பு வாங்குகின்றன, அதாவது 96 வீடுகள்.

ஸ்ப்ளிட்டர்களை வீடுகளுக்குப் பக்கத்தில், கம்பத்துக்குக் கம்பம் பிரித்து வைத்தால், ஒவ்வொரு 32 வீட்டுக் கூட்டத்துக்கும் ஒரு போர்ட் எரிந்தாக வேண்டும். மொத்தம் 10 போர்ட். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்கூட இல்லை. ஸ்ப்ளிட்டர்களை எல்லாம் ஓர் அலமாரியில் கூட்டி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை விட்டால், வாங்கிய வீட்டை மட்டும் ஸ்ப்ளிட்டரில் செருகலாம். 96 வீட்டுக்கு 3 போர்ட் போதும்.

ஓஎல்டி விற்பவருக்குப் பத்தா மூன்றா என்பது வாழ்வா சாவா. கேபிள் விற்பவருக்குக் கணக்கு தலைகீழ். அலமாரி முறையில் வீட்டுக்கு ஒரு தனி இழை வேண்டும், கம்பத்து முறையில் 32 வீட்டுக்கு ஓர் இழை போதும். ஒரே ஊர், அதே வீடுகள். வரைபடத்தில் ஒரு கண்ணாடித் துண்டு அரைக் கிலோமீட்டர் நகர்ந்தால் ஒருவருடைய பணம் மற்றவர் பைக்குப் போய்விடுகிறது.

3 செப்டம்பர்

மூன்று போர்ட் என்றால் மூன்றும் முழுதாக நிரம்பிவிடும், நாளை 97ஆவது ஆள் வந்தால் இடமில்லை. நடைமுறையில் நான்கு வைப்பார்கள். திருத்திய நண்பருக்கு நன்றி.

அதோடு என் 4 ஆகஸ்ட் இரவுக் குறிப்பையும் திருத்த வேண்டும். பெட்டிக்காரரின் பங்கு சுருங்குகிறது என்றேன். செலவில் பங்கு என்ற அளவில் அது நிற்கும். ஆனால் டிஎஸ்எல் காலத்தில் மோடத்தைப் பல நாடுகளில் வாடிக்கையாளரே கடையில் வாங்கிக்கொள்வார். ஓஎன்டியைப் பெரும்பாலும் இணைய நிறுவனமே மொத்தமாக வாங்கி வீட்டில் வைக்கிறது. ஆகவே வீட்டுக்கு ஒன்று என்று உறுதியான எண்ணிக்கை உண்டு. லாபம் மெலிந்தாலும் ஆர்டர் பெரிது. மெலிந்த லாபத்தில் பெரிய ஆர்டரைத் தாங்கப் பெரிய நிறுவனத்தால்தான் முடியும். சிறியவர்கள் ஏன் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதற்கு இதுவும் காரணம்.

14 செப்டம்பர்

இரண்டு நாள் சங்கரன்கோவில் பக்கம் மைத்துனர் வீட்டில் இருந்தேன். அவர் கேபிள்காரர். 2017ல் ஈபான் ஓஎல்டி வாங்கி இணையம் கொடுக்கத் தொடங்கினார். 8 போர்ட், ஒவ்வொன்றிலும் 64, ஆக 512 வரை போகலாம். ஏறத்தாழ 400 இணைப்பு வைத்திருந்தார். ஏன் ஈபான் என்று கேட்டால் அவர் பதில் நேரானது: “மாப்பிள்ளை, அன்றைக்கு ஜிபான் பெட்டி என் கைக்கு எட்டவில்லை.”

அவருக்கு விற்ற நிறுவனம் மூன்றாம் ஆண்டில் உதிரிப் பொருள் தருவதை நிறுத்திவிட்டது. வேறு நிறுவனத்தின் ஓஎன்யு (ஈபானில் வீட்டுப் பெட்டிக்கு அந்தப் பெயர்) வாங்கி மாட்டினால் ஓஎல்டி அதைப் பதிவு செய்துகொள்கிறது, ஆனால் வீட்டு அமைப்புகளை இங்கிருந்து அனுப்ப முடியவில்லை. வீடு வீடாகப் போய்க் கையால் அமைக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஜிபான் ஓஎல்டி வாங்கிவிட்டார். பழைய ஓஎன்யு 400ம் வீட்டுப் பரணில் அரிசிச் சாக்குகளில் கிடக்கின்றன. இப்போது அவரும் அந்த வட்டாரக் கேபிள்காரர்களும் ஈபான், ஜிபான் இரண்டிலும் ஓடும் எக்ஸ்பான் ஓஎன்யு தவிர வேறு வாங்குவதில்லை. ஒருமுறை சூடுபட்டவர்கள்.

இதே வலி பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. ஜிபானில் ஓஎல்டி, வீட்டுப் பெட்டியுடன் பேசும் மொழிக்கு ஓஎம்சிஐ என்று பெயர். ஜி.988 என்று தரம் இருக்கிறது. தரம் இருந்தும் ஒவ்வொருவரும் தன் சொந்த வழக்கைக் கலந்து பேசினார்கள். ஒருவருடைய ஓஎல்டியில் இன்னொருவருடைய ஓஎன்டி முரண்டு பிடித்தது. இரண்டையும் ஒருவரிடமே வாங்குவதா, பிரித்து வாங்கிப் பேசவைப்பதா என்று இணைய நிறுவனம் எடுக்கும் முடிவு, ஓஎல்டி விற்பவரின் மிகப் பெரிய கோட்டையைத் தொடுகிறது. ஓஎன்டியில் விட்ட லாபத்தை அவர் ஓஎல்டியில்தான் எடுத்துக்கொண்டிருந்தார். வெரைசன் பின்னாளில் தன் அடுத்த தலைமுறைப் பானுக்கு, யாருடைய பெட்டியும் யாருடையதோடும் பேச வேண்டும் என்று நிபந்தனை வைத்துத் தானே ஓஎம்சிஐ விவரக்குறிப்பு எழுதியது. மைத்துனரால் அப்படி எழுத முடியாது. அவர் எக்ஸ்பான் வாங்கினார். இருவர் கேட்பதும் ஒன்றே.

20 செப்டம்பர்

பாரத்நெட் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

2011ல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசுத் திட்டம், இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பதற்கு. முதல் கட்டத்தில் வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு நேர்கோட்டில் ஃபைபர், அதன் மேல் ஜிபான். அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய தொழில்நுட்பத்தில் உள்நாட்டிலேயே ஓஎல்டியும் ஓஎன்டியும் செய்தார்கள். அந்த வகையில் அது நல்ல முடிவு, நம் பொறியாளர்களுக்குச் சோறு போட்டது. ஆனால் நேர்கோட்டில் சாலைப் பணிக்காரர் ஒரு வெட்டு வெட்டினால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருளில். 2023ல் ஏறத்தாழ 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்தது. இப்போது வளைய அமைப்பு. ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகச் சுற்றிவரும். அதற்கு ஊராட்சியில் ரூட்டர் வேண்டும். முதல் கட்டத்தில் ஓஎல்டி செய்தவரிடம் ரூட்டர் இல்லையென்றால் அவர் இந்த முறை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கோட்டை வளையமாக்கியதில் மக்களுக்கு நன்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாருடைய ஆலை ஓடும் என்பதும் அதே கோட்டில் தீர்மானமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான வேலையில் பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்களின் மேல் போகிறது. மேலே போகும் கேபிள் வேறு, மண்ணுக்குள் போவது வேறு. காற்றையும் தன் எடையையும் தாங்க உள்ளே வலுவான நார் வேண்டும். குழாய் செய்பவருக்கு வேலை குறைந்து, கம்பத்தில் பிடிக்கும் கிளாம்பு செய்பவருக்குக் கூடும். அமெரிக்காவில் கூலி அதிகம், ஆகவே ஆலையிலேயே கனெக்டர் மாட்டி வரும் கேபிளைக் கார்னிங் நல்ல விலைக்கு விற்க முடிகிறது. சங்கரன்கோவிலில் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் பையன் ஸ்கூட்டரில் இயந்திரத்தோடு வந்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் ஒட்டிவிட்டுப் போகிறான். இங்கே விற்பது அந்த இயந்திரம்.

21 செப்டம்பர்

“பையன்” என்று எழுதியது தவறு. அவருக்கு என் வயதுதான் இருக்கும். கை நடுங்காமல் தலைமுடி போன்ற மெல்லிய இழையைப் பிடிப்பவர். பெயர் கேட்காமல் வந்துவிட்டேன், அது உறுத்துகிறது.

5 அக்டோபர்

முதலில் கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். “இவ்வளவும் படித்தேன். மகன் சேரலாமா, வேண்டாமா? அதைச் சொல்லவில்லையே” என்கிறார். அவர் கேட்பது நியாயம்.

சேரட்டும். சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். வருவாயில் முதல் வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு? பாதிக்கு மேல் என்றால் அந்த வாடிக்கையாளரின் ஊர்ச் செய்தியை அவன் தினமும் படிக்க வேண்டும். அவர்கள் விற்பது ஓஎல்டியா, ஓஎன்டியா, இரண்டுமா? ஓஎன்டி மட்டும் என்றால் சீன விலையோடு ஒவ்வொரு காலாண்டும் மல்லுக்கட்ட வேண்டும். அவனைப் போடப்போவது வன்பொருளிலா மென்பொருளிலா? பெட்டி போனாலும் ஓஎம்சிஐ தெரிந்த ஆளுக்கு வேலை போகாது. எங்கள் ஒன்பது பேரில் நிலைத்தவர்கள் அதைக் கற்றவர்கள்தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு, அதற்கு அங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பு காரணமாக எந்த நாடு யாரைத் தடுக்கும் என்பது அது. 2021 ஜூன் முதல் இந்தியாவில் நம்பகமான மூலம் என்று ஒப்புதல் பெற்ற கருவியைத்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் புதிதாக மாட்டலாம். பிரிட்டனில் சீனாவின் ஹுவாவே மீது கட்டுப்பாடு வந்த 2020ஆம் ஆண்டிலேயே, அங்கே வீடுகளுக்கு இணைப்பு இழுக்கும் ஓபன்ரீச் நிறுவனம் தன் ஃபைபருக்கு அமெரிக்காவின் அட்ரானைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. இந்தக் காற்று இப்போது சென்னை, பெங்களூரு பக்கம் சாதகமாக வீசுகிறது.

19 அக்டோபர்

மகன் கேட்டானாம். முதல் வாடிக்கையாளரின் பங்கு பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்றார்களாம். இரண்டு பெட்டியும் விற்கிறார்கள். சேர்ந்துவிட்டான், ஓஎம்சிஐ மென்பொருள் குழுவில்.

நல்ல இடம். ஜி.988 ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மிக நீளமானது, ஆள் சோர்ந்துவிடுவான். வீட்டிலிருந்து மேலே போகும் தரவுக்கு இடம் ஒதுக்கும் டி-கான்ட், அந்தத் தரவு ஓடும் தடமான ஜெம் போர்ட், இந்த இரண்டையும் முதலில் பிடிக்கட்டும். பிறகு ஆய்வகத்தில் வேறு நிறுவனத்தின் ஓஎன்டி ஒன்றைத் தங்கள் ஓஎல்டியில் மாட்டி, இரண்டும் பேசிக்கொள்வதைப் பதிவெடுத்து வரி வரியாகப் பார்க்கட்டும். எங்கே ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து பார்க்கிறேன்.